சாயும் படகு: எந்த வேகத்தில் சாய்கிறது என்று முதலில் பாருங்கள்

சின்ன ஸ்பீடு போட் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், "நம்ம போட்டு ஒரு பக்கமா சாயுது" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். அடுத்த நிமிஷமே யோசனைகள் கொட்டும். டிரிம் டேப் (படகின் பின் விளிம்பில் ஏற்றி இறக்கும் தகடு) போடு, புரொப்பல்லரை மாற்று, பேட்டரியை அந்தப் பக்கம் தள்ளு. எல்லாமே சரியான யோசனைகள்தான். ஆனால் வேறு யாரோ ஒருவருடைய படகுக்கு.

என்னுடையது 18 அடி ஃபைபர் படகு. அடிப்பாகம் வி வடிவம், பின்னால் 150 ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டார். ஏற்கெனவே ஓடிய படகு. வாங்கும்போதே இடப்பக்கம் சாய்ந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. விற்றவரும் அதை மறைக்கவில்லை. அதைச் சரிசெய்யப் போனதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: "சாய்கிறது" என்பது ஒரே கோளாறு இல்லை. நிற்கும்போது சாய்வது, கிளம்பும்போது சாய்வது, சீராக ஓடும்போது சாய்வது, முழு வேகத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடுவது என்று நாலு விதம் உண்டு. நாலுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. பல படகுகளில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எனக்கு வாய்த்ததும் அப்படித்தான்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு ரசமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சர் வைத்திருக்கும் சாதாரண ரசமட்டமே போதும். அதைப் படகின் குறுக்காக, தளத்தில் ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். காற்றில்லாத காலை, அலையில்லாத தண்ணீர், நேர்கோட்டு ஓட்டம், பாதி டேங்க் எண்ணெய். குமிழி எங்கே நிற்கிறது என்று நாலு நிலையிலும் எழுதி வையுங்கள். உடம்பு சொல்லும் சாய்வை நம்ப வேண்டாம். ஓரமாக உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு டிகிரி சாய்வே ஐந்தாகத் தெரியும்.

முதலில் நின்ற நிலை. படகுக்குள் இருக்கும் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கரையில் இறக்கிவிட்டு, ஆள் இல்லாமல் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி, நங்கூரம், கருவிப் பெட்டி, கயிறு எல்லாம் வெளியே. இப்போது மட்டமாக நின்றால் வேலை சுலபம். இறக்கிய சாமான்களை இடம் மாற்றி அடுக்கினால் முடிந்தது. ஒரு பேட்டரியே 20, 25 கிலோ வரும். அது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பலன் கூடும். ஓரத்தில் இருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். அடிப்பள்ளத்தில் தேங்கும் தண்ணீரையும் மறக்கக் கூடாது. 20 லிட்டர் என்றால் 20 கிலோ; அதுவும் ஒரே இடத்தில் இருக்காது, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கேயே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும்.

என் படகு எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் இடப்பக்கம் தாழ்ந்தே நின்றது. வெற்றுப் படகு சாய்ந்து நின்றால் எடை படகுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் படகுகளில் தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடத்தில் ஃபோம் நிரப்பியிருப்பார்கள். மூழ்காமல் மிதப்பதற்காகப் போட்ட அந்த ஃபோமே வருஷக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தளத்தில் ஸ்குரூ முடுக்கிய ஓட்டை, சீட்டின் கால் பதித்த இடம், விரிசல் விட்ட ஓரம் என்று ஏதோ ஒரு வழியாக இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது.

பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். வலப்பக்கம் முழுக்க ஒரே மாதிரிச் சத்தம். இடப்பக்கம், பின்சீட்டுக்கு முன்னால் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சத்தம் அமுங்கிப் போயிற்று. அங்கே மேலிருந்து 6 மி.மீ. துளை ஒன்று போட்டேன். டிரில் பிட்டோடு வெளியே வந்த ஃபோம் தூள் காய்ந்த தூளாக இல்லை. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் வைத்து அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. தளத்தைச் சதுரமாக வெட்டித் திறந்து, கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தோம். ஒவ்வொரு கட்டியும் அதன் பருமனுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனம். காயவைத்து அப்படியே மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஃபோம் உள்ளுக்குள் சுலபத்தில் காயாது. எடுத்துப் போட்டுவிட்டு, நீளவாட்டுக் கட்டைகள் உளுத்துப் போயிருக்கின்றனவா என்று குத்தூசியால் குத்திப் பார்த்து, முழுக்க உலரவிட்டு, தண்ணீர் ஏறாத மூடிய அறை ஃபோமைப் போட்டு, எபாக்ஸியும் கண்ணாடி இழையும் வைத்து மூடுவதுதான் வேலை. இதில் அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும்.

படகு மட்டமாக மிதந்தது. ஓட்டிப் பார்த்தால், பிளேனிங்கில், அதாவது படகு எழும்பித் தண்ணீரின் மேல் சறுக்கி ஓடும் நிலையில், குமிழி இன்னும் வலப்பக்கம் ஏறியே நின்றது. இடப்பக்கம் தாழ்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் ஒரு சோதனை மிகவும் உதவும். சீராக ஓடும்போது த்ராட்டிலைச் சட்டென்று ஓரளவு இறக்குங்கள். முழுக்கப் பிடுங்க வேண்டாம். இழுவிசை குறையும் அளவுக்கு மட்டும். படகு உட்காருவதற்கு முன் கிடைக்கும் ஒன்றிரண்டு நொடியில் குமிழியைக் கவனியுங்கள். சாய்வு உடனே மறைந்தால் காரணம் புரொப்பல்லரின் முறுக்கு விசை. மறையாமல் அப்படியே இருந்தால் காரணம் படகின் அடிப்பாகம், அல்லது இன்னும் ஒளிந்திருக்கும் எடை. எனக்குப் பாதி மறைந்தது, பாதி நின்றது. ஆக இரண்டும் உண்டு.

படகை டிரெய்லரில் ஏற்றி, அடியில் படுத்து, இரண்டு மீட்டர் நீள அலுமினிய மட்டப்பலகையை அடிப்பாகத்தில் நீளவாட்டில் வைத்துப் பார்த்தேன். பின்பலகையிலிருந்து, அதாவது படகின் பின்புறச் சுவரிலிருந்து, முன்னோக்கி ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை உள்ள பகுதிதான் வேகத்தில் தண்ணீரைத் தொடும் பகுதி. அது நேராக இருக்க வேண்டும். இடப்பக்கம் பலகை ஒட்டி உட்கார்ந்தது. வலப்பக்கம் பின் விளிம்புக்கு ஓரடி முன்னால் பலகைக்கும் படகுக்கும் நடுவே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. 3 மி.மீ. கனத் தகடு சுலபமாக உள்ளே போயிற்று. பின் விளிம்பு கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கிறது. இதை ஹுக் என்பார்கள். இந்த வளைவு ஓடும்போது இறக்கி வைத்த டிரிம் டேப்பின் வேலையைச் செய்யும். தன் பக்கத்துப் பின்பகுதியைத் தூக்கிவிடும். வலது பின்பகுதி தூக்கினால் இடது பக்கம் தாழத்தானே செய்யும். 3 மி.மீ.தானே என்று விடக் கூடாது. அந்த வேகத்தில் அது பெரிய மேடு.

அது எப்படி வந்தது என்று தேடினால் காரணம் டிரெய்லர். படகைத் தாங்கும் நீள மரக்கட்டைகளில் வலது கட்டை பின்பலகை வரைக்கும் வரவில்லை, முன்னதாகவே முடிந்துவிட்டது. மோட்டார் எடை பின்னால் தொங்க, தாங்கல் இல்லாத விளிம்பு காலப்போக்கில் கீழே வளைந்திருக்கிறது. கட்டையை மாற்றாமல் படகை மட்டும் சரிசெய்தால் திரும்ப வளையும். முதலில் அதை மாற்றிவிட்டு, பிறகு குழிந்த இடத்தை எபாக்ஸிக் கலவையால் நிரப்பி, நீளப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி இழைத்தோம். கையில் சுருட்டிப் பிடித்த உப்புத்தாளால் தேய்த்தால் அலை அலையாகிவிடும். பின் விளிம்பு மழுங்கக் கூடாது. தண்ணீர் அங்கே சட்டென்று அறுந்து விலக வேண்டும், விளிம்பைச் சுற்றி மேலேறக் கூடாது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பின் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால் அதை ராக்கர் என்பார்கள். அப்படி இருந்தால் படகு பக்கவாட்டில் சாய்வதைவிட, முன்மூக்கு மேலும் கீழுமாகத் துள்ளும் தொல்லைதான் அதிகம்.

மீதி இருந்தது முறுக்கு விசை. கட்டையில் சிக்கிக்கொண்ட டிரில் மிஷின் நம் கையையே திருப்புகிற மாதிரி, புரொப்பல்லர் தண்ணீரை ஒரு பக்கம் சுற்றும்போது படகை எதிர்ப்பக்கம் உருட்டப் பார்க்கும். வழக்கமான வலச்சுற்றுப் புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். அதனால் படகு இடப்பக்கம் தாழும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 150 ஹெச்.பி. என்பது சுமார் 112 கிலோவாட். எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 1.87 என்றால் புரொப்பல்லர் சுமார் 2,940 ஆர்.பி.எம்.மில் சுற்றும். அப்போது முறுக்கு விசை ஏறக்குறைய 363 நியூட்டன் மீட்டர். அதாவது 37 கிலோ எடையை நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் இடப்பக்கம் தள்ளி வைத்ததற்குச் சமம். அரை மீட்டர் என்றால் 74 கிலோ, ஒரு முழு ஆள்.

ஸ்டியரிங்கை ஏன் வலப்பக்கம் வைக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கு நல்ல பதில். ஓட்டுபவரின் எடை முறுக்கு விசையை ஈடுகட்டிவிடும். அதே சமயம், இடப்பக்க சீட்டில் அதே எடையுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்த ஈடு அப்படியே போய்விடும். தனியாக ஓட்டும்போது சரியாக இருக்கிறது, நண்பர் ஏறினால் சாய்கிறது என்று சொல்பவர்களுக்குப் படகில் கோளாறே இல்லை. நண்பரை நடுவில் உட்காரச் சொன்னால் போதும். நான் பேட்டரியை வலப்பக்கம் சீட்டுக்கு அடியில் கொண்டுபோனேன், நங்கூரப் பெட்டியையும் அந்தப் பக்கமே வைத்தேன். நிற்கும்போது படகு இப்போது வலப்பக்கம் ஒரு பொடி தாழ்ந்திருக்கும், ஓடும்போது மட்டமாகிவிடும். வேகத்துக்காக வாங்கிய படகு நிற்கும்போது அழகாக நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லையே.

டிரிம் டேப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. அது நல்ல சாதனம்தான், ஆனால் மருந்தைவிட வலி மறைப்பானாகவே அதிகம் பயன்படுகிறது. ஃபோமில் ஊறிய தண்ணீரையும் அடிப்பாக வளைவையும் டேப்பை இறக்கி மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இதமாகத் தூக்கிய டேப், அதே கோணத்தில் விட்டால் 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய நாலு மடங்கு தள்ளும். முன்மூக்கை ஒரு மூலையில் அழுத்தி, படகு எதிர்பாராமல் ஒரு பக்கம் வெட்டித் திரும்பிவிடும். அதனால் பயணிகளின் எடை, பக்கக் காற்று போன்ற அன்றாட விஷயங்களுக்கு மட்டும் டேப். வேகம் ஏற ஏற மேலே தூக்கிவிடுவது என் வழக்கம். சுவிட்சு குழப்பும் என்பதும் உண்மைதான். பல படகுகளில் பொத்தான்கள் முன்மூக்கை வைத்துக் குறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் இறங்குவது இடப்பக்க டேப். எந்தப் பக்கம் தூக்கி நிற்கிறதோ அந்தப் பக்கப் பொத்தான் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

பக்கக் காற்றில் வி வடிவப் படகு காற்று வரும் பக்கமாகவே சாயும். காற்று முன்மூக்கைத் தள்ள, நாம் அதைச் சரிக்கட்ட ஸ்டியரிங்கைக் காற்றுப் பக்கம் பிடிக்கிறோம். திரும்பிய மோட்டார் அடியிலிருந்து தள்ளிப் படகை அந்தப் பக்கம் உருட்டுகிறது. இது கோளாறு இல்லை. திரும்பி வரும்போது சாய்வு அடுத்த பக்கத்துக்கு மாறினால் காற்றுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் சாய்வில் கொண்டுவிடும். மோட்டாரின் அடியில், புரொப்பல்லருக்கு மேலே ஒரு சின்ன துடுப்பு போலிருக்கும். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்பி முடுக்க வேண்டும். ஆனால் வேகத்துக்காக மோட்டாரை உயர்த்தி மாட்டியிருந்தால் அது ஓட்டத்தில் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் பலன் இருக்காது. உயர்த்தி மாட்டுபவர்கள் தண்ணீர் அழுத்த மீட்டர் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் துளைகளும் மோட்டாரோடு சேர்ந்தே மேலே வருகின்றன.

கடைசியாக, எல்லோரும் பயப்படுகிற சைன் வாக்கிங். அடிப்பாகமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்புக்கு சைன் என்று பெயர். முழு வேகத்தில் படகு இந்த விளிம்புகளில் மாறி மாறி விழுந்து எழும். ஒவ்வொரு முறையும் ஆட்டம் கூடும். 1960 மியாமி–நசாவ் பந்தயத்தில் ரே ஹண்ட் வடிவமைத்த மாப்பி என்ற படகு கரடுமுரடான கடலில் ஜெயித்த பிறகு, ஆழமான வி அடிப்பாகம் எங்கும் பரவியது. அலையை வெட்டிக்கொண்டு போவதில் அதற்கு நிகர் இல்லை. அதற்கு ஈடாக நாம் கொடுக்கும் விலை பக்கவாட்டு உறுதி. வேகம் கூடக் கூடப் படகு எழும்பி, நடுவே உள்ள ஒடுங்கிய பட்டையில் மட்டும் நிற்கிறது. முறுக்கு விசை அதை இடப்பக்கம் சாய்க்கிறது, இடது விளிம்பு தண்ணீரில் பட்டுத் திருப்பி அடிக்கிறது, படகு வலப்பக்கம் விழுகிறது. அப்போது ஓட்டுபவர் பதறித் தாமதமாகச் சக்கரத்தைத் திருப்பினால் அந்த ஆட்டத்துக்கு அவரே தாளம் போட்டுக் கொடுத்த கதை.

சாய்வையெல்லாம் சரிசெய்த பிறகுதான் என் படகில் இது வந்தது. முன்பு இருந்த கோளாறுகள் அந்த வேகத்துக்கே அதைப் போகவிடவில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஸ்டியரிங்கில் உள்ள ஆட்டம். படகு டிரெய்லரில் இருக்க, ஒருவர் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மோட்டாரின் அடிமுனையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அதைச் செய்து காட்டிய மெக்கானிக், "கைல தெரியுது பாருங்க தம்பி, இவ்ளோ லூசு இருந்தா நீங்க ஓட்டல, மோட்டார்தான் உங்கள ஓட்டுது" என்றார். ஒற்றை கேபிள் ஸ்டியரிங்கில் இந்தத் தளர்ச்சி வந்தே தீரும். இரட்டை கேபிள் அல்லது ஹைட்ராலிக்குக்கு மாறுவதுதான் சரியான செலவு. ஹைட்ராலிக் ஆனாலும் குழாயில் காற்று புகுந்தால் அதே தளர்ச்சி திரும்பும். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே தண்ணீரில் இறக்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் புஷ், ரப்பர் மவுண்ட் இவற்றையும் அதே முறையில் ஆட்டிப் பாருங்கள்.

தளர்ச்சி போனதும் ஆட்டம் தொடங்கும் வேகம் மேலே தள்ளிப் போயிற்று. மூன்று இதழ்ப் புரொப்பல்லரை நாலு இதழுக்கு மாற்றியதும் இன்னும் கொஞ்சம். நாலு இதழ் பின்பகுதியைத் தூக்கி நிறுத்தும், பிடிமானம் சீராக இருக்கும். உச்ச வேகத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு, அதை நான் பொருட்படுத்தவில்லை.

மீதி கையில்தான் இருக்கிறது. சக்கரத்தை இறுக்கிப் பிடிக்காமல், படகு விழத் தொடங்கும் கணத்திலேயே விரல் அளவு திருத்தம். விழுந்த பிறகு செய்யும் பெரிய திருத்தம் உதவாது. ஆட்டம் கைமீறினால் மோட்டாரின் டிரிம்மை, அதாவது அது சாய்ந்து நிற்கும் கோணத்தை, ஒரு தட்டு உள்ளே இறக்கி, த்ராட்டிலைப் பதறாமல் படிப்படியாகக் குறையுங்கள். ஒரேயடியாக மூடினால் முன்மூக்கு தண்ணீரில் குத்தி, சாய்ந்திருந்த பக்கமாகப் படகு வெட்டித் திரும்பும். உள்ளே இருப்பவர் வெளியே விழுவது அப்படித்தான். உயிர்காப்பு அங்கியும், உடம்பில் மாட்டிய கில் சுவிட்ச் கயிறும் (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆட்டம் தொடங்கும் விளிம்பில் ஓட்டிப் பழகினால் அந்த விளிம்பு தானாக மேலே நகரும்.

இப்போதும் நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டிலில் கிளம்பினால் படகு எழும்பும் வரை இடப்பக்கம் லேசாகத் தாழ்கிறது. அந்த நேரத்தில் முறுக்கு விசை முழுதாக இருக்கிறது, தாங்கிப் பிடிக்கத் தண்ணீரின் விசை இன்னும் வரவில்லை. அடிப்பாகத்தில் ஆப்பு ஒட்டினால் அதையும் போக்கலாம் என்கிறார்கள். சில நொடி சாய்வுக்காக, ஓடும் நேரம் முழுக்க இழுத்துக்கொண்டே வரும் ஒரு ஆப்பைச் சுமக்க எனக்கு மனசில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.